அல்காமோ ஊர் ஃபிராங்கா

கேள்வி: இத்தாலியில் ஒரு பெண் பிரதமராகிவிட்டார். அங்கே ஆண்-பெண் பேதம் ஒழிந்துவிட்டது என்று சொல்லலாமா? குடும்ப மானம் என்று பெண்களைக் கட்டிப்போடுவதெல்லாம் நம் பக்கத்தில்தானே? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பிரதமரை விடுங்கள். ஜார்ஜா மெலோனி 2022-இல் பதவியேற்றதை எல்லாப் பத்திரிகைகளும் எழுதித் தீர்த்துவிட்டன. 'முதல் பெண்' பட்டியலை வைத்து ஒரு நாட்டை அளக்கிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. போகிற போக்கில் மானம் என்று கேட்டீர்களே, அதைப் பேசுவோம்.

இத்தாலியில் அது சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. முசோலினி காலத்தில், 1930-இல் வந்த தண்டனைச் சட்டம் அது. மனைவி, மகள், சகோதரி ஆகியோரில் ஒருத்தியைக் கள்ள உறவில் கண்ட ஆத்திரத்தில் கொன்றால், 587-ஆம் பிரிவின்படி 3 முதல் 7 ஆண்டு சிறை. மற்றக் கொலைக்குக் குறைந்தது 21 ஆண்டு! 544-ஆம் பிரிவு இன்னும் கொடுமை. பலாத்காரம் செய்தவன் அந்தப் பெண்ணையே கட்டிக்கொண்டால் குற்றம் அதோடு போயிற்று.

சிசிலியில் அல்காமோ என்று ஒரு ஊர். 1965 டிசம்பர் 26 அன்று, 17 வயது ஃபிராங்கா வயோலாவை வீடு புகுந்து தூக்கிப் போனான் ஃபிலிப்போ மெலோடியா. அவள் ஏற்கெனவே வேண்டாமென்று ஒதுக்கியவன். ஒரு வாரத்துக்கு மேல் அடைத்து வைத்துச் சீரழித்தான். ஊர் வழக்கப்படி அடுத்தது கல்யாணம். ஃபிராங்கா முடியாது என்றாள். அப்பா பெர்னார்தோ விவசாயி. மகள் பக்கம் நின்றார். அவருடைய திராட்சைத் தோட்டத்தைக் கொளுத்தினார்கள். அப்போதும் வழக்கை விடவில்லை. 1966-இல் மெலோடியாவுக்கு 11 ஆண்டு தண்டனை கிடைத்தது. 1968-இல் ஃபிராங்கா தனக்குப் பிடித்தவரை மணந்தாள். ஜனாதிபதி சரகாத் பரிசு அனுப்பினார், போப் ஆறாம் பவுல் தம்பதியைச் சந்தித்தார்.

ஆனால் அந்த இரண்டு பிரிவுகளும் 1981 வரை அப்படியே கிடந்தன! விவாகரத்துச் சட்டம் 1970-இல் வந்துவிட்டது, கணவனே குடும்பத் தலைவன் என்ற விதி 1975-இல் போய்விட்டது, இது மட்டும் போகவில்லை. பலாத்காரத்தைப் பொது ஒழுக்கக் கேடு என்ற தலைப்பிலிருந்து எடுத்து, ஒரு மனுஷிக்குச் செய்த குற்றம் என்று எழுத 1996 ஆயிற்று.

மானம் படித்தவர்களையும் விடவில்லை. மரியா மாண்டிசோரி 1896-இல் ரோமில் பட்டம் வாங்கிய டாக்டர். 1898-இல் கல்யாணமாகாமலே மாரியோ பிறந்தான். வெளியே தெரிந்தால் தொழிலும் பேரும் போய்விடும் என்று பிள்ளையைக் கிராமத்தில் வளர்க்கக் கொடுத்தார். பின்னாளில் கூடவே வைத்துக்கொண்டும் நெடுங்காலம் மகன் என்று வெளியில் சொல்லவில்லை. அந்தத் தாயும் மகனும்தான் 1939-இல் நம் அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுக்க இந்தியாவில் இருந்தார்கள். தெருவுக்குத் தெரு அவர் பெயரில் பள்ளி நடத்துகிறோம். ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் வழிகாட்டிய அம்மாளைத் தன் குழந்தையை மறைக்க வைத்தார்களே என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

ஆகவே, நம் பக்கத்தில் மட்டும் இல்லை அம்மா. பெர்னார்தோ மாதிரி மகள் பக்கம் நின்ற அப்பா யாராவது உங்கள் ஊரில் இருந்தால் எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்குகிறேன்.