நாற்பதைத் தாண்டியதும் மாதவிடாய் தாறுமாறானால்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மகளிர் நோய்ப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்வேன். கேளுங்கள்.

அக்கா, எனக்கு 43 வயது. 28 நாள் தவறாமல் வந்த பீரியட்ஸ் இப்போது ஒரு மாதம் 22 நாளில் வருகிறது, அடுத்து 40 நாள் ஆகிறது. மெனோபாஸா?

இன்னும் இல்லைம்மா, அதற்குப் போகிற வழியில் இருக்கிறீர்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் அது மெனோபாஸ். அதற்கு முந்தைய இந்தத் தள்ளாட்டக் காலம்தான் பெரிமெனோபாஸ், சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்கு எட்டு வருடம்கூட இழுக்கும். மெனோபாஸ் வருவது 51 வயதில் என்று இணையத்தில் போட்டிருப்பது மேலை நாட்டுக் கணக்கு. நம் ஊர்ப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47லேயே நின்றுவிடுகிறது, அதனால் 43இல் தொடங்குவதில் அதிசயம் இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் மெதுவாக வடிந்துகொண்டே போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், ஆனால் உண்மையில் அது ஒரு மாதம் எகிறும், அடுத்த மாதம் சரியும். கருமுட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்டிரான் என்ற இன்னொரு ஹார்மோன் போதுமான அளவு சுரக்காது, கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போய்க் கடைசியில் கொட்டித் தீர்க்கும். தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். நாள் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், சிரிக்காதீர்கள், நாற்பத்தைந்தில் கர்ப்பமாக வந்தவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன்.

லேபில் முழு ஹார்மோன் பேக்கேஜ் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கட்டுமா?

45 தாண்டியவர் என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்ஹெச் ஹார்மோனின் அளவு இன்று ஒன்று காட்டும், மூன்று வாரம் கழித்து வேறொன்று காட்டும். அதற்குப் பதில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, பிரஷர் இவற்றைப் பாருங்கள். படபடப்பு, சோர்வு, முடி கொட்டுவது எல்லாம் தைராய்டிலும் வரும். நாற்பதுக்கு முன்னாலேயே பீரியட்ஸ் நின்றுபோனால் கதை வேறு, அப்போது ஹார்மோன் பரிசோதனை கட்டாயம்.

வயது 46. பத்து நாள் படுகிறது, கட்டி கட்டியாகப் போகிறது. "கெட்ட ரத்தம்தானே, போகட்டும்" என்கிறார் மாமியார். டாக்டரோ கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்.

கெட்ட ரத்தம் என்று ஒன்றும் கிடையாது, போவது உங்கள் நல்ல ரத்தம்தான். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய கட்டிகளாக விழுவது, இரண்டு பீரியட்ஸுக்கு நடுவில் படுவது, இதில் எது இருந்தாலும் "இந்த வயதில் அப்படித்தான்" என்று விடக்கூடாது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு எடுத்தால் நன்றாகச் சேரும்.

சரி, கர்ப்பப்பை விஷயம். முதலில் ஸ்கேன். 45 வயதுக்கு மேல் இப்படிப் போக்கு இருந்தால் உள்சுவரிலிருந்து சிறு சதை எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அது சுத்தமாக இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்னால் வேறு வழிகள் இருக்கின்றன: போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஹார்மோன் சுரக்கும் லூப். அந்த லூப்பை ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஐந்து வருடம் வேலை செய்யும், கருத்தடையும் ஆகிவிடும், நம் ஊரில் அதை ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பல நாள் கோபம். சாதாரண ஃபைப்ராய்டு கட்டிகள் மெனோபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்க 2022இல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதலே வெளியிட்டது, மாநிலங்கள் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆகவே "வேறு என்ன வழி இருக்கிறது டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள், இன்னொரு டாக்டரையும் பாருங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் சினைப்பையையும் சேர்த்து எடுக்கிறார்களா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் இரண்டு சினைப்பையும் போனால் மறுநாளே மெனோபாஸ்தான்.

என் மனைவிக்கு 47. ராத்திரி தூக்கமில்லை, தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். நான் என்ன செய்யட்டும் அக்கா?

கேட்டதற்கே நன்றி தம்பி. இரவில் வேர்த்து வேர்த்து எழுந்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? காலைச் சமையலைக் கொஞ்ச நாள் நீங்கள் பாருங்கள், அவர் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கட்டும். சண்டை நடுவில் "உனக்கு ஹார்மோன் பிரச்சினை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் அழுதுகொண்டே இருந்தால் அது வெறும் கோபம் இல்லை, மனச்சோர்வு. இந்தக் காலத்தில் அது வர வாய்ப்பு அதிகம். மனநல மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற அரசின் இலவச எண்ணிலும் பேசலாம்.

திடீரென்று முகமெல்லாம் குப்பென்று சூடாகி வேர்க்கிறது. ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் கேன்சர் வருமாமே?

மூளையில் உடல்சூட்டைக் கவனிக்கும் பகுதி இப்போது லேசாகத் தொட்டாலே அலறும் கார் அலாரம் மாதிரி ஆகிவிடுகிறது, அதுதான் அந்தச் சூடு. கேன்சர் பயம் பெரும்பாலும் 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழே உள்ள, வேறு நோய் இல்லாத பெண்களுக்குப் பொதுவாக நன்மைதான் அதிகம் என்று இப்போது சொல்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் இரண்டும் சேர்ந்த சிகிச்சையைப் பல வருடம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடும், அதை மறைக்க வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், காரணம் தெரியாத போக்கு உள்ளவர்கள் எடுக்கக்கூடாது. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாக எடுக்கவே கூடாது. ஹார்மோன் வேண்டாம் என்றாலும் வேறு மாத்திரைகள் உண்டு.

தினமும் உளுந்தங்களி சாப்பிட்டால் போதும் என்கிறார் அம்மா.

நல்ல சாப்பாடுதான், உளுந்தில் புரதம் இருக்கிறது. ஆனால் அதற்குள் கொட்டும் கருப்பட்டியும் சர்க்கரைதான், சர்க்கரை நோய் இருந்தால் கை அடங்கட்டும். மெனோபாஸுக்குப் பிறகு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 இருக்கிறது, மிச்சத்துக்குப் பால், தயிர், எள், நெத்திலிக் கருவாடு. வெறும் வாக்கிங் எலும்புக்குப் போதாது, தண்ணீர் நிறைந்த பாட்டிலையாவது தூக்கி இறக்குங்கள், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுங்கள்.

பேர் சொல்லாமல் கேட்கிறேன். உறவின்போது வறட்சி, வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு.

கூச்சமே வேண்டாம், இது ரொம்பச் சகஜம், தானாகவும் சரியாகாது. உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் டாக்டர் எழுதித் தருவார், அது ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். சோப்புப் போட்டு உள்ளே கழுவுவதை நிறுத்துங்கள். அப்புறம், கருத்தடையை உடனே விட்டுவிடாதீர்கள்: 50க்கு முன் நின்றால் இரண்டு வருடம், பிறகு நின்றால் ஒரு வருடம் தொடர வேண்டும்.

அம்மாவுக்கு 56. நின்று மூன்று வருடம் ஆகிறது, போன வாரம் லேசாகப் பட்டது. சூட்டினால் இருக்கும் என்கிறார்.

சூடு இல்லை. ஒரு சொட்டு என்றாலும் இந்த வாரமே கூட்டிப் போங்கள். பெரும்பாலும் உள்சுவர் மெலிந்ததால்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுதான், ஆரம்பத்தில் பிடித்தால் நன்றாகக் குணமாகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் பிரிவில் ஸ்கேனும் சதைப் பரிசோதனையும் செய்வார்கள். பழைய சீட்டெல்லாம் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் போனால் ஓபி மூடியிருக்கும்.