ஒன்பதாம் வகுப்புப் பையனும் உயிர்மெய் எழுத்தும்

அன்புள்ள அக்கா,

நாங்கள் ஐந்து நண்பர்கள், எல்லோருக்கும் ஐடி வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டில் ஒரு சின்னக் கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை 25 பேர். வகுப்புவாரியாகப் பிரித்து, ஆளுக்கு இரண்டு வகுப்பு என்று பாடப்புத்தகத்தை வைத்துத் திட்டம் போட்டோம். மூன்று மாதத்தில் பெரிய பையன்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். சின்னவர்கள் அரை மணி நேரத்தில் எழுந்து ஓடுகிறார்கள். எங்களில் ஒருவர் வராவிட்டால் அன்றைய திட்டமே குலைந்துபோகிறது. எப்படித்தான் திட்டமிடுவது?

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

பெரிய பையன்கள் ஏன் நின்றார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? கேட்டிருந்தாலும் "மேட்ச் இருக்குண்ணா", "வீட்ல வேலைண்ணா" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தண்டையார்பேட்டையில் நான் மாலை வகுப்பு எடுத்த காலத்தில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்தான். மனக்கணக்கில் கெட்டி. பலகையில் எழுதிப் போட்டதை அச்சு மாதிரி நோட்டில் எழுதிவிடுவான். ஆனால் எழுதியதை வாசிக்கத் தெரியாது. அது தெரியவந்த அன்றைக்கே, நல்லது செய்வதாக நினைத்து, அவனை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தேன். அந்த வரிசையில் அவன் தங்கையும் இருந்தாள். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. தெருவில் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அதனால் வகுப்பு எண்ணை விட்டுவிடுங்கள். பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பாருங்கள். ஆனால் அதை யார் முன்னாலும் பார்க்காதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசினால் போதும். சில எழுத்துகள், சில சொற்கள், நாலு வரிப் பத்தி, ஒரு குட்டிக் கதை. கணக்கில் ஒரு கடன் வாங்கிக் கழித்தல், ஒரு வகுத்தல். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளுக்கு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறதா என்று பார்க்க 2005 முதல் நாடு முழுக்கக் கிராமங்களில் நடத்திவரும் ஏசர் கணக்கெடுப்பிலும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறார்கள். முடிவை உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், சுவரில் ஒட்ட வேண்டாம்.

இது நம் ஊருக்குப் புதிதும் இல்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, ஒரே வகுப்பறையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் படிக்குரிய அட்டையை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்து படித்தது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைதான் கணக்கு.

சரி, எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் ஒன்பதாம் வகுப்புப் பையனை எங்கே உட்கார வைப்பது? சின்னவர்களுக்குக் கதை வாசிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுங்கள். முந்தின வாரமே புத்தகத்தைக் கொடுத்து, "அடுத்த ஞாயிறு இதை நீதான் வாசிக்கணும்" என்று சொல்லுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் உங்களில் ஒருவர் அவனோடு தனியாக அரை மணி நேரம் உட்காருங்கள். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை அவன் கூச்சமில்லாமல் எடுப்பான், ஏனென்றால் அது ஒத்திகை. கொம்பும் காலும் துணையெழுத்தும் அங்கேதான் அவனுக்குப் பிடிபடும்.

அவனை வெறும் சட்டாம்பிள்ளையாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லித்தருவது நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழக்கம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதைச் செய்துபார்த்து, 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். நல்ல வழக்கம்தான். ஆனாலும் அவன் உங்களிடம் வருவது தனக்கும் ஏதாவது படிக்கத்தான்.

அதற்குத்தான் எல்லோருக்கும் பொதுவாக ஒரே விஷயத்தை எடுக்கச் சொல்கிறேன். காசிமேட்டில் மீன்பிடித் தடைக்காலத்தை விட நல்ல பாடம் எனக்குத் தோன்றவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது என்று பேசத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். மூன்று மாதக் காலண்டர் தாளைக் கொடுத்து, சின்னவர்களை ஒவ்வொரு நாளாக வட்டம் போட்டு எண்ணச் சொல்லுங்கள். நடுவில் இருப்பவர்கள் கூட்டல் கழித்தலில் கண்டுபிடிக்கட்டும். முப்பதில் பதினைந்து போனால் பதினைந்து, மே 31, ஜூன் 14, ஆக 60 என்பார்கள். எண்ணிய பொடிசுகள் 61 என்று நிற்கும். பொடிசுகள் சொல்வதுதான் சரி. அந்த ஒரு நாள் எங்கே போனது என்று இரண்டு கூட்டமும் மோதிக்கொள்ளட்டும். 15ஆம் தேதியையும் சேர்க்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

பெரியவர்களுக்கு இதிலேயே இன்னும் ஆழம் இருக்கிறது. அரசு தரும் நிவாரணத் தொகையை வீட்டில் கேட்டு வந்து 61ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு? அதில் குடும்பம் நடக்குமா? தடை மீன் இனப்பெருக்கத்துக்காக என்றால், மேற்குக் கடலோரத்தில் மட்டும் ஏன் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை? முன்பு 45 நாளாக இருந்ததை ஏன் கூட்டினார்கள்? நாட்டுப்படகுக்கு ஏன் இந்தத் தடை இல்லை? பதில் தெரிந்த தாத்தாக்கள் வலை பின்னிக்கொண்டு பக்கத்திலேயே இருக்கிறார்கள், போய்க் கேட்டு எழுதி வரட்டும்.

அப்புறம், ஆள் வராத சிக்கல். வேலையை ஆள்வாரியாகப் பிரித்ததால்தான் குலைகிறது. வாரத்துக்கு ஒரு விஷயம், மூன்று ஆழம் என்று ஒரே தாளில் எழுதி ஐந்து பேரும் வைத்துக்கொண்டால், இரண்டு பேர் வந்தாலும் வகுப்பு நடக்கும். சின்னவர்கள் ஓடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆறு வயதுக் குழந்தையால் அவ்வளவு நேரம்தான் உட்கார முடியும். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வேலையை மாற்றுங்கள், நடுவில் வெளியே கூட்டிப்போய் ஒரு பாட்டுப் பாடுங்கள்.

நின்றுபோன பையன்களில் ஒருவனை இந்த வாரம் தேடிப் போய்ப் பாருங்கள். வகுப்புக்கு வா என்று கூப்பிட வேண்டாம். படகில் டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தை எப்படிப் பங்கு பிரிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது அல்லவா? பாடத்துக்கு வேண்டும், கேட்டுச் சொல்கிறாயா என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா