சட்டக் கல்லூரி நூலகத்தில் இரண்டே பேர்; தேர்வு நேரக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

காரைக்குடிப் பக்கம், நூலகரும் ஓர் உதவியாளரும் மட்டும் என்கிறீர்கள். மூன்றாவது ஆள் கேட்டு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரையும் கவுண்டரில் உட்கார வைத்தால் கூட்டம் குறையாது. சட்ட நூலகத்தில் நேரத்தைத் தின்பது சைட்டேஷனை (தீர்ப்பு எந்தத் தொகுப்பில், எந்த வருடம், எந்தப் பக்கம் என்ற குறிப்பை) வைத்துத் தேடும் வேலைதான்.

கேசவானந்த பாரதி வழக்கை ஒருவர் ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்று கேட்பார், அடுத்தவர் (1973) 4 எஸ்.சி.சி. 225 என்பார். தீர்ப்பு ஒன்றுதான்; ஏ.ஐ.ஆர். (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்), எஸ்.சி.சி. (சுப்ரீம் கோர்ட் கேசஸ்) என்ற இரண்டு தொகுப்புகளிலும் வந்திருக்கிறது. இது தெரியாதவர் கவுண்டரில் இருந்தால், ஒரு வால்யூம் பைண்டிங்குக்குப் போயிருக்கும்போது "இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஒரே வருட ஏ.ஐ.ஆரையும் எஸ்.சி.சி.யையும் சேர்த்து பைண்டிங்குக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஒன்று வந்தபின் மற்றது. பழைய ஏ.ஐ.ஆரில் இன்னொரு வம்பு, ஒரே வருடத்துக்கு நீதிமன்றவாரியாகத் தனித்தனிப் பகுதி. 'ரங்' என்றிருந்தால் ரங்கூன். பர்மாவில் லேவாதேவி செய்த குடும்பங்கள் உள்ள ஊர், 1930கள் வழக்கைத் தேடி யாராவது வரத்தான் செய்வார்கள். வால்யூமின் முதுகில் வருடத்தோடு நீதிமன்றப் பெயரையும் பெரிதாக ஒட்டிவையுங்கள்.

புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்த 2024 ஜூலை 1க்குப் பிறகு குழப்பம் கூடிவிட்டது. கொலைக்கான இ.பி.கோ. (இந்திய தண்டனைச் சட்டம்) 302 இப்போது பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 103, மோசடிக்கான 420 என்றால் 318(4). சி.ஆர்.பி.சி. (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 482 போய் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 528 ஆகிவிட்டது; புதிய 482 முன்ஜாமீன்! பழைய, புதிய பிரிவு எண்களின் ஒப்பீட்டுப் பட்டியலை மேசைக்கு ஒன்றாக ஒட்டினால் பாதிக் கேள்வி கவுண்டருக்கே வராது. பழைய பேர் ஆக்ட்களை (சட்ட வாசகம் மட்டும் உள்ள புத்தகங்களை) கழிக்காதீர்கள். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்கு இ.பி.கோ.தான்.

படித்த வால்யூமை மாணவர்களே அலமாரியில் வைக்க விடக்கூடாது. இடம் மாறிய வால்யூம் தொலைந்ததற்குச் சமம். மேசையிலேயே விடச் சொல்லி, மதியம் ஒருமுறை, மூடுமுன் ஒருமுறை அடுக்குவது மூன்றாவது ஆளின் வேலை.

இ-எஸ்.சி.ஆர். (உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் இணையத் தொகுப்பு) இலவசமாக இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குச் சரி. பழைய எம்.எல்.ஜே. (மெட்ராஸ் லா ஜர்னல்) சைட்டேஷனோடு ஒருவர் வந்தால் அலமாரிக்குத்தான் போகணும்.

கேட்காத விஷயம்தான், இருந்தாலும் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் தாத்தா காலத்துத் தேக்கு அலமாரி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போகும்; உள்ளே இருந்த கரையான் அரித்த வால்யூம்கள் 'நன்கொடை'யாக நூலகத்துக்கு வரும், பெயர்ப் பலகை வேறு கேட்பார்கள். இருக்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு அதைத் தட்டித் துடைக்கவே பொழுது போய்விடும். எந்த வருடம், எந்த வால்யூம் என்று பட்டியல் வாங்கிப் பார்க்காமல் ஒரு பெட்டியைக்கூட இறக்க விடாதீர்கள்.