தனிப் பயிற்சியாளரை அமர்த்தும் முன்

வணக்கம். வார இறுதிகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் குழுவோடு சைக்கிள் ஓட்டிவரும் நீங்கள், 40 கிலோமீட்டர் டைம் டிரையலுக்காக (ஒவ்வொருவரும் தனித்தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் பந்தயம்) மாதக் கட்டணத்தில் இணையவழிப் பயிற்சியாளரை அமர்த்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அமர்த்துங்கள், ஆனால் முதலில் பவர் மீட்டர், அதாவது நீங்கள் மிதிக்கும் ஆற்றலை வாட்ஸில் அளக்கும் கருவி, வாங்கிவிடுங்கள். இதயத் துடிப்பை வைத்தும் பயிற்சி தரலாம் என்றாலும், சென்னை வெயிலும் புழுக்கமும் துடிப்பை ஏற்றிவிடுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. 20 நிமிடம் தனியாக முழு மூச்சில் மிதித்து, சராசரி வாட்ஸில் 95 விழுக்காட்டைக் கணக்கிட்டால் உங்கள் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்ஸ், தோராயமாகத் தெரியும். பயிற்சியாளரிடம் பேசும்போது, உங்கள் பதிவுகளை வாரத்துக்கு எத்தனை முறை பார்ப்பார் என்றும், அலுவலக வேலையால் இரண்டு நாள் தவறினால் அட்டவணையை எப்படி மாற்றுவார் என்றும் கட்டாயம் கேளுங்கள். விட்டதையெல்லாம் ஞாயிறன்று சேர்த்து ஓட்டச் சொல்பவரை அமர்த்த வேண்டாம். ஓய்வில்தான் உடல் வலுப்பெறுகிறது.