உடம்பு அலுங்காத வேலை, ஓட மட்டும் முடியல!

கேள்வி: நாள் பூரா உக்காந்துதான் வேலை. ஆனா எக்செல் ஷீட்டோட மல்லுக்கட்டிட்டு சாயங்காலம் ஓடப் போனா ரெண்டாவது ரவுண்டுலயே நாக்கு தள்ளுது, லீவு நாள்ல அதே தூரம் ஈஸியா போகுது. இது சோம்பேறித்தனமா சார்?

பதில்: அட, இல்லீங்க. 2009-ல சாமுவேல் மார்கோராங்கற ஆராய்ச்சியாளரோட குழு 16 பேரை வச்சு இதையே டெஸ்ட் பண்ணாங்க, ஒருநாள் 90 நிமிஷம் கம்ப்யூட்டர்ல எழுத்துகளைக் கவனிச்சு பட்டன் அமுக்கிக்கிட்டே இருக்கணும், இன்னொரு நாள் அதே 90 நிமிஷம் சும்மா டாக்குமெண்டரி, அப்புறம் சைக்கிள் மிதிக்கணும். படம் பாத்த நாள்ல சராசரியா 754 செகண்ட் தாங்கினவங்க மூளை களைச்ச நாள்ல 640-லயே விட்டுட்டாங்க. வேடிக்கை என்னன்னா மிதிக்கும்போது ஹார்ட்பீட், ஆக்சிஜன் எல்லாம் ரெண்டு நாளும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா அதே மிதி ஆரம்பத்துலேருந்தே கஷ்டமா தெரிஞ்சிருக்கு.

மூளையில அடினோசின்னு களைப்பை உணர வைக்கிற ஒரு பொருள் சேர்றதுதான் காரணம்னு ஒரு விளக்கம் இருக்கு. காபியில இருக்கற காஃபின் அதோட வேலையைத் தடுக்கும்தான், ஆனா சாயங்காலம் காபி குடிச்சிட்டு ராத்திரி முழிச்சிக்கிட்டு கிடந்தா யாருக்கு லாபம்?

இந்த மூளைக் களைப்பு நீள ஓட்டத்தைத்தான் அதிகமா அடிக்கும், ஒரே மூச்சுல வெயிட் தூக்கறது, குதிக்கறது இதுக்கெல்லாம் பெருசா பாதிப்பு இல்ல. அதனால மண்டை காஞ்ச நாள்ல வெயிட் தூக்குங்க, ஓட்டத்தைக் காலைக்கு மாத்திக்கோங்க. அப்புறம் ஓடறதுக்கு முன்னாடி போனை நோண்டாதீங்க, அது ரெஸ்ட் கிடையாது.