எட்டரைப் புள்ளியில் தொங்கும் உதவித்தொகை

அன்புள்ள அக்கா,

என் மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள். ஆத்தூர் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 186. அவள் அப்பா ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறார், நான் வீட்டில் தைக்கிறேன். இரண்டும் சேர்ந்து மாதம் 30,000 வந்தால் பெரிது. எங்கள் இரு வீட்டிலும் இதுவரை யாரும் கல்லூரிக்குப் போனதில்லை.

ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறோம் என்கிறார்கள். கல்விக் கட்டணம் வருடம் மூன்றரை லட்சம். அவள் மதிப்பெண்ணுக்கு 75 சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப் ‘கிட்டத்தட்ட உறுதி’யாம். ஒவ்வொரு வருடமும் சிஜிபிஏ, அதாவது பத்துக்குப் போடும் சராசரி, 8.5 இருக்க வேண்டும், அரியர் (தேறாமல் நிற்கும் பாடம்) கூடாது. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 1,40,000 தனி. வெள்ளிக்கிழமைக்குள் 25,000 கட்டினால்தான் இடம் நிற்கும் என்று தினமும் போன் வருகிறது. அரசுக் கலந்தாய்வு ஜூலையில்தான். சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (மின்னணுவியல், தொடர்பியல்) கிடைக்கலாம் என்று பள்ளியில் சொல்கிறார்கள். மகளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் ஆசை. ‘நம்ம பொண்ணு எட்டரை எடுக்காமலா போயிடுவா’ என்கிறார் அவள் அப்பா. எனக்குத்தான் மனது ஒப்பவில்லை.

ம., ஆத்தூர்

அன்புள்ள ம.,

உங்கள் மனது ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

உதவித்தொகை நான்கு வருடமும் தொடர்ந்து கிடைத்தால், கல்விக் கட்டணத்தில் உங்கள் பங்கு 87,500. விடுதியோடு சேர்த்து வருடம் 2,27,500, நான்கு வருடத்துக்கு 9,10,000. முதல் வருடத்தோடு அது நின்றுபோனால், மீதி மூன்று வருடமும் 4,90,000 வீதம் கட்ட வேண்டும். மொத்தம் 16,97,500. உங்கள் வீட்டின் ஒரு வருட வருமானம் 3,60,000. அதாவது, உதவித்தொகை போன வருடத்தில் வீட்டுக்கு வருகிற மொத்தப் பணத்தைவிடக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது அதிகம். கட்டணம் இடையில் ஏறாது என்று வைத்துக்கொண்டுதான் இத்தனையும்.

எட்டரை எடுப்பாளா என்பதை அப்புறம் பார்ப்போம். எடுக்காமல் போனால் அந்த 4,90,000 எங்கிருந்து வரும்? இதற்கு இன்றைக்கே ஒரு பதில் இருந்தால் மட்டும் அந்தக் கல்லூரியைப் பற்றி யோசிக்கலாம். ‘எப்படியாவது பார்த்துக்கலாம்’ என்பதை நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கல்விக் கடன் என்று பார்த்தாலும், பொதுவாக வங்கிகள் ஏழரை லட்சம் வரைதான் சொத்து ஜாமீன் இல்லாமல் தருகின்றன. எல்லாம் நல்லபடியாக நடந்தால் ஆகிற செலவே அதைத் தாண்டிவிடுகிறது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. என் அண்ணன் மகன் இப்படித்தான் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். பாதிக் கட்டணம் தள்ளுபடி, நிபந்தனை சிஜிபிஏ 8. பள்ளியில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்த பையன், யாருக்கும் சந்தேகமே இல்லை. முதல் வருட முடிவில் 7.9 வந்தது. அரியர்கூட இல்லை. இன்ஜினியரிங் கிராபிக்ஸிலும் கணக்கிலும் கிரேடு இறங்கியிருந்தது, அவ்வளவுதான். அவன் வீட்டில் சொல்லவில்லை. ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று ஒன்றரை மாதம் சொல்லிக்கொண்டிருந்தான். முழுக் கட்டணம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தபோதுதான் அண்ணனுக்கே தெரிந்தது. அண்ணியின் நகை அடகுக்குப் போனது, பிறகு ஊரில் இருந்த கால் ஏக்கரும் போனது. பையன் படிப்பை முடித்து இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். ஆனால் அந்த ஒன்றரை மாதம் விடுதியில் தனியாக என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் குடும்பத்தின் கடனை வைத்துத் தேர்வு எழுத அனுப்பினோமே என்று எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உங்கள் வீட்டுக்காரர் மகளை நம்புவதில் தப்பே இல்லை. ஆனால் எட்டரை என்பது அவள் உழைப்பை மட்டும் பொறுத்ததில்லை. வழக்கமான பத்துப் புள்ளி முறையில் ‘ஓ’ வந்தால் 10, ‘ஏ பிளஸ்’ 9, ‘ஏ’ 8, ‘பி பிளஸ்’ 7. ஒரு பாடத்தில் பி பிளஸ் வந்துவிட்டால், அதே கிரெடிட் (பாடத்துக்குத் தரும் எடை) உள்ள இன்னொரு பாடத்தில் ஓ-வோ, மூன்று பாடங்களில் ஏ பிளஸ்ஸோ வாங்கினால்தான் சராசரி எட்டரையில் நிற்கும். பல பல்கலைக்கழகங்களில் ரிலேட்டிவ் கிரேடிங் வேறு இருக்கிறது. வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததை ஒட்டித்தான் கிரேடு. இவளைப் போலவே நல்ல மதிப்பெண்ணோடு ஸ்காலர்ஷிப் வாங்கி வந்த பிள்ளைகள் வகுப்பு நிறைய இருக்கும்போது, அத்தனை பேரும் மேலேயே இருக்க முடியாது. தமிழ் வழியில் படித்த பெண்ணுக்கு முதல் செமஸ்டரில் எல்லாப் பாடமும் திடீரென்று ஆங்கிலத்தில் வரும். அதைப் பிடித்துக்கொள்ள ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், பிடித்தும் விடுவார்கள், நான் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த உதவித்தொகை அவளைச் சோதிப்பது சரியாக அந்த முதல் வருடத்தில்தான்.

மத்திய அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தரும் மெரிட் உதவித்தொகையைத் தொடர 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் போதும். இவர்கள் கேட்பது எட்டரை. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

கலந்தாய்வு வழியாகப் போனால் என்ன வரும் என்று பாருங்கள். உங்கள் வீட்டில் பட்டதாரி இல்லை என்பதால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. அது அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் எடுப்பவர்களுக்குத்தான், அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்தால் கிடைக்காது. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். பொறியியல் இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும் என்பதால் அது இவளுக்குப் பொருந்தாது. ஆனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் விரிவுபடுத்திவிட்டார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழிதான் என்றால் இவளுக்கு வரும். சிறிய தொகைதான், ஆனால் சிஜிபிஏ கேட்காமல் வருகிற பணம்.

தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏஐசிடிஇ-யின் பிரகதி உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். பொறியியல் படிக்கும் பெண்களுக்கு வருடம் 50,000 தருகிறார்கள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எண்ணிக்கை அளவானது, மதிப்பெண் வரிசையில் எடுப்பார்கள். அதனால் வந்தால் வரட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.

மகளின் ஆசையைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. ஈசிஇ கிடைக்கலாம் என்று பள்ளியில் சொன்னதோடு நின்றுவிடாதீர்கள். சேலம், பர்கூர், தர்மபுரி, ஈரோடு நான்கு அரசுப் பொறியியல் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருக்கிறது. கலந்தாய்வில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் எல்லாவற்றையும் மேலே போட்டு, அதற்குக் கீழே ஈசிஇ-யை வரிசைப்படுத்தட்டும். மேலே கேட்டதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஈசிஇ-தான் கிடைத்தது என்றாலும், அதைப் படித்து மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. இல்லை, கட்டத்தான் போகிறோம் என்று அவர் முடிவெடுத்தால், அதற்கு முன் சில கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் சொல்வது வேண்டாம். 75 சதவீதம் என்பது அந்தந்த வருடக் கட்டணத்துக்கா, முதல் வருடத் தொகைக்கு மட்டுமா? ஒரு முறை போன உதவித்தொகை, மறு வருடம் எட்டரை எடுத்தால் திரும்பி வருமா? அப்புறம் முக்கியமான கேள்வி: மூன்று வருடம் முன்பு இதே ஸ்காலர்ஷிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அது இன்றும் தொடர்கிறது? அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் ஆத்தூர்ப் பிள்ளை யாராவது இருந்தால், அவர்களிடம் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எந்தக் காரணத்துக்காகவும் அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியே இருக்கிறது, பார்த்துவிட்டு உடனே திருப்பித் தந்துவிட வேண்டும். கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கவும் விதி இருக்கிறது, ஆனால் நாள் தள்ளத் தள்ள வருகிற தொகை குறையும். எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு வரும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது, கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை என்று. அந்த இரண்டு தொகையையும், 9,10,000-ஐயும் 16,97,500-ஐயும், அவளுக்குக் காட்டினீர்களா? பயமுறுத்துவதற்காக வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள். கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், அவளுக்குப் புரியும். ஜூலையில் என்ன கிடைத்தது என்று எனக்கு எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் சந்தோஷம்.

அன்புடன்,
அக்கா