வெனிஸுக்கு ஒரு நாள் போதுமா? கால்வாய்கள் நாறும் என்கிறார்களே, உண்மையா?

போதும் என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை போனேன். பத்து நாளில் ஆறேழு நாடு காட்டுகிற குழுச் சுற்றுலாவுக்குத்தான் நீங்களும் பணம் கட்டியிருப்பீர்கள், கேள்வியிலேயே தெரிகிறது. குறை சொல்லவில்லை, 2017-ல் என் கதையும் அதுதான்.

ஜூலை மாத வெயில். படகில் சான் மார்க்கோ சதுக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். பத்து நிமிடம் கண்ணாடி ஊதிக் காட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் கடைக்குள் அடைத்து வைத்தார்கள். கொண்டோலா என்கிற துடுப்புப் படகில் ஆறு பேரை ஏற்றி ஒரு சுற்று. அப்புறம் பனீர் பட்டர் மசாலா. மொத்தம் மூன்றரை மணி நேரம். ஊருக்கு வந்து, "கூவத்தங்கரையில் அரண்மனை கட்டின மாதிரி இருக்கு" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இன்று அதையே என் மைத்துனர் திருப்பிச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாற்றம் உண்மைதான், மறைக்கவில்லை. பழைய வீடுகள் பலவற்றின் கழிவுநீர் இன்றும் கால்வாயில்தான் விழுகிறது. ஆனால் அது தேங்கி நிற்கிற சாக்கடை இல்லை. கடலோடு சேர்ந்த காயல் என்பதால் சுமார் ஆறு மணி நேரம் நீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். கோடையில் நீர் இறங்கிய நேரத்தில் சுவரோரப் பாசி காயும்போது குறுகலான கால்வாய்களில் வாடை வரும். 2024 நவம்பரில் அம்மாவோடு மறுபடி போனபோது உப்புக்காற்றும் படகு டீசலும்தான் மூக்கில் ஏறின.

அந்தத் தடவை மூன்று ராத்திரி தங்கினோம். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் நேராகப் படிக்கட்டு, அதற்குக் கீழே பெரிய கால்வாய். அம்மா படியிலேயே நின்றுவிட்டாள். "ரோடு எங்கடி?"

ரோடு கிடையாது, பாலம் உண்டு. நானூறுக்கும் மேல். கன்னரேஜியோ என்ற பகுதியில் எங்கள் அறைக்குப் போகிற வழியில் குக்லியே பாலத்தில் ஏறும்போதே என் பெட்டியின் சக்கரம் ஒன்று கையோடு வந்துவிட்டது. பதினோராயிரம் ரூபாய்ப் பெட்டி, ஐந்து வருட உத்தரவாதம். திரும்பி வந்து கடையில் கேட்டால் "சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் உத்தரவாதம் பொருந்தாதுங்க மேடம்" என்கிறார்கள். பெட்டியில் உடைவதே அந்த இரண்டும்தானே? மின்னஞ்சல் நாலு போட்டேன், பதில் இல்லை. சரி, விடுங்கள்.

அந்த ஊர்க்காரர்களின் தள்ளுவண்டியைப் பார்த்த பிறகுதான் என் முட்டாள்தனம் புரிந்தது. காலை ஏழு மணிக்கு ஜன்னலுக்குக் கீழே சரக்குப் படகு வந்து நின்றது. தண்ணீர் பாட்டில் கட்டுகளும், ஒரு சலவை இயந்திரமும். கரையில் வண்டியோடு ஒருவர் நின்றார். வண்டியில் பெரிய சக்கரம் இரண்டு, முன்னால் நீட்டிக்கொண்டு சின்னச் சக்கரம் இரண்டு. பாலம் வந்ததும் சின்னதை மேல்படியில் ஊன்றி, பெரியதை எக்கி ஏற்றினார். டக், டக் என்று ஒவ்வொரு படியாகச் சலவை இயந்திரம் பாலம் ஏறிப் போயிற்று. அம்மா அதற்காகவே மறுநாளும் சீக்கிரம் எழுந்தாள்.

அவள் கேட்ட இன்னொரு கேள்வி: "சுத்தி உப்புத் தண்ணி, குடிக்க என்னடி பண்ணாங்க?"

அநேகமாக எல்லாச் சின்னச் சதுக்கங்களிலும் கல் கிணறு ஒன்று மூடி போட்டு இருக்கும். முதல் தடவை அதன்மேல் உட்கார்ந்து படம் எடுத்தேனே தவிர என்னவென்று பார்க்கவில்லை. கைப்பேசியில் தேடிப் படித்துச் சொன்னேன். ஊற்றுக் கிணறே இல்லை, மழைநீர்த் தொட்டி. சதுக்கத்துக்கு அடியில் பள்ளம் தோண்டி, உப்புநீர் கசியாமல் களிமண் பூசி, மணல் நிரப்பியிருக்கிறார்கள். தரையில் ஓட்டை போட்ட கற்கள் வழியாக மழைநீர் இறங்கி, மணலில் வடிந்து, நடுக்குழாயில் ஊறும். 1884-ல் நிலப்பரப்பிலிருந்து குழாய்த் தண்ணீர் வரும்வரை ஊர் பெரும்பாலும் இதைத்தான் நம்பியிருந்தது. அம்மா கிணற்று விளிம்பைத் தடவி, ஒரு பள்ளத்தில் விரலை வைத்தாள். கயிறு அறுத்த தடம். "எங்க ஊர் கிணத்துலயும் இப்படித்தான்" என்று சொல்லி அடுத்தடுத்த பள்ளங்களை எண்ண ஆரம்பித்துவிட்டாள்.

"வசதி இருக்கிறவர்களுக்குச் சரி" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: கொண்டோலாவில் நாங்கள் ஏறவே இல்லை. அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. மீன் சந்தைப் பக்கம் கால்வாயைக் குறுக்கே கடக்க, அதே சாயலில் கொஞ்சம் அகலமான படகு இருக்கிறது, ஆளுக்கு 2 யூரோ. ஊர்ப் பொதுப்படகுக்கு நீராவிப் படகு என்று பெயர், ஓடுவது டீசலில்; அதில் ஒரு தடவைக்கு 9.50 யூரோ என்பதால் மூன்று நாள் சீட்டு எடுத்துக்கொண்டோம். பகலில் மட்டும் வந்து போகிறவர்களிடம் வசந்தத்திலும் கோடையிலும் சில நாட்களில் 2024 முதல் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். தங்குகிறவர்களுக்கு அது இல்லை, ஆனால் தங்குமிட வரி உண்டு.

இரவு ஒன்பது மணிக்குப் பகல் கூட்டம் போய்விடும். 1951-ல் அந்தத் தீவு நகரத்தில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் இருந்தார்கள், இன்று ஐம்பதாயிரம்கூட இல்லை. ஆளில்லாத சந்தில் நம் செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கு ஒரு ராத்திரியாவது வேண்டும். உங்கள் குழுச் சுற்றுலாவில் அது இல்லையென்றால் கடைசியில் அங்கேயே பிரிந்துகொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதுகுப் பை எடுத்துப் போங்கள், சக்கரப் பெட்டி வேண்டாம்.